கத்திரிப்பூ நிறக் கொக்கு

12 ஜூன் 2025, வியாழன்

அறக்கட்டளையின் முதல் கூட்டம் நம் வீட்டுக் கார் ஷெட்டில். கார் கிடையாது. அந்த இடத்தில் சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற இரண்டு கட்டில். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்து ரிட்டயர் ஆனவள் கருவடிக்குப்பத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்திருக்கலாம். என்னால் முடியவில்லை. இடுப்பு உடைந்தவர்களுக்கு ஆபரேஷன் ஆகிவிடுகிறது. வீட்டுக்குப் போனால் பிடித்து நடக்க ஒன்றும் இருப்பதில்லை. படுத்தவர்கள் படுத்தபடியே. இதை எத்தனை வருஷம் பார்ப்பது? அதனால்தான் இந்த 'ஊன்றுகோல்'. இரவல் கொடுத்து, தேறியதும் திரும்ப வாங்கி, அடுத்தவருக்குக் கொடுப்பது.

மொத்தம் மூன்று பேர்தான். நான். பொலெத் அக்கா - பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குபவர், பிரான்சில் இருக்கும் அவருடைய சிநேகிதர்கள்தான் பணம் திரட்டித் தருகிறார்கள். ஆனந்தராஜ் - சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் தன் குட்டியானை வண்டியில் சாமான்களைக் கொண்டுபோய் இறக்குபவர்.

இன்று பேச்சு லோகோவைப் பற்றி. பொலெத் அக்காவின் அண்ணன் பேரன் லூதோவிக் லியோனில் டிசைனராம். மூன்று படம் அனுப்பியிருந்தான். விரித்த கை. கடலில் உதிக்கும் சூரியன். தாமரை.

ஆனந்தராஜ் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடிவிட்டது. "மேடம், மூணும் எலெக்ஷன்ல நிக்குது. நாம வாக்கர் குடுக்கப் போறமா, ஓட்டு கேக்கப் போறமா?"

"மெ நோன்! இல்ல இல்ல, பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நம்ம ஊர் சுவரையே பாத்ததில்ல அவன்" என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

உதித்தாலும் கட்சி, பூத்தாலும் கட்சி. இந்த ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத படம் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? காலையில் பால் வாங்கப் போனவள் கொடிக்கம்பங்களை எண்ணிக்கொண்டே போய்விட்டேன். பால் வாங்க மறந்துவிட்டது.

22 ஜூன், ஞாயிறு

நிறத்துக்கு ஒரு மணி நேரச் சண்டை. பச்சை? அதுவும் கட்சி என்று ஆனந்தராஜ் தலையை ஆட்டினார். மஞ்சள்? ஜாதிச் சங்கம். நீலம்? அதற்கும் ஆள் இருக்கிறது. சிவப்பில் எதைச் சேர்த்தாலும் ஒரு கொடி வந்து நின்றது. கடைசியில் பொலெத் அக்கா தன் புடவை முந்தானையைத் தூக்கிக் காட்டினார். கத்திரிப்பூ நிறம். மூவரும் யோசித்தோம். எந்தக் கட்சியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

படத்துக்கு நான் இரண்டு பாதம் என்றேன். "யாரோ சாமியார் மடம்னு நெனச்சு கும்புட்டுட்டுப் போவாங்க" என்றார் ஆனந்தராஜ். அது சரிதான். ஒற்றைக் காலில் நிற்கும் பறவை எதுவென்று பேச்சு வந்தது. கொக்கு! நொண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒற்றைக்கால் கொக்கு. கேலியாகிவிடுமோ என்று எனக்குப் பயம். பொலெத் அக்காவுக்கு மட்டும் பிடித்தது பிடித்ததுதான். "அது விழறதே இல்லயே சித்ரா, கவனிச்சிருக்கியா?"

கவனித்ததில்லை. மாலையில் ஏரிக்கரைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். விழவில்லை.

3 ஜூலை, வியாழன்

ஸ்டிக்கர் வந்துவிட்டது. உள்ளங்கை அகலம். கத்திரிப்பூ நிறத்தில் கொக்கு. அடியில் 'ஊன்றுகோல் அறக்கட்டளை - இலவச சேவை'. லூதோவிக் கெட்டிக்காரன்தான், கொக்கின் கழுத்தை ஒரே கோட்டில் போட்டிருக்கிறான். வாக்கருக்கு முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று தெருக்கோடிவரை நடந்துபோய்ப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது! பொலெத் அக்கா போட்டோ எடுத்து பிரான்சுக்கு அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. என்னமோ நானே முட்டையிட்டுப் பொரித்த கொக்கு மாதிரி.

9 ஜூலை, புதன்

வைத்திக்குப்பத்தில் ராஜாம்பாள் என்று ஒரு அம்மா. மீன் விற்பவர். மார்க்கெட் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வீடு வந்திருக்கிறார். அறுபது வயசுக்கு நல்ல எலும்பு. பயம்தான் அதிகம். வாக்கரைக் கொடுத்து, உயரம் சரிபார்த்து, இரண்டடி நடக்க வைத்தேன். "யம்மா, யம்மா" என்று கத்திக்கொண்டே நடந்தார். வாசல்வரை வந்ததும் சிரிப்பைப் பார்க்கவேண்டுமே.

தினமும் நடக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நடக்காவிட்டால் அப்புறம் எப்போதும் இல்லை. கால் சூம்பிவிடும், முதுகில் புண் வரும், பிறகு நெஞ்சில் சளி. அந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

2 ஆகஸ்ட், சனி

வேடிக்கையாக இருக்கிறது. சின்ன முறிவுக்காரர்களிடமிருந்து திரும்பி வந்த வாக்கர்களில் ஒன்றில்கூட கொக்கு இல்லை. ஒன்றில் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. ஒன்றில் கொக்குக்கு மேலேயே முருகர், வேலும் மயிலுமாக.

ஏன்?

"புள்ளைங்க நோண்டியிருக்கும்" என்கிறார் ஆனந்தராஜ். எந்தப் பிள்ளை இன்சுலேஷன் டேப் சுற்றும்?

6 ஆகஸ்ட், புதன்

ஆனந்தராஜின் புதுக் கண்டுபிடிப்பு: கொக்கு தரித்திரமாம், யாரோ சொன்னார்களாம். யார் என்று கேட்டால் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் அந்த நிறத்தின் மேல். தேர்தல் வரப்போகிறது, நமக்குத் தெரியாமல் எவனாவது கத்திரிப்பூவில் புதுக் கட்சி ஆரம்பித்துவிட்டானோ?

முருகர் ஒட்டிய வீட்டுக்கே போய்க் கேட்டேன். அந்த வீட்டுக்காரர் காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், ஸ்டிக்கர் என்றதும் "சாமி நல்லதும்மா" என்று எழுந்துவிட்டார். எதையோ மறைக்கிறார். எனக்கு மண்டை வெடிக்கிறது.

9 ஆகஸ்ட், சனி

ராஜாம்பாள் வாக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார்! தேறிவிட்டாராம். எப்படித் தேறும் அதற்குள்? ஆனந்தராஜ் பார்த்தாராம், பாயில்தான் படுத்திருக்கிறாராம். யாரை ஏமாத்துது இந்தப் பொம்பள? எனக்கு வந்த கோபத்துக்கு, சாதம் குழைந்ததுகூடத் தெரியவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

போனேன். சண்டை போடத்தான் போனேன்.

ராஜாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். கால் நடுங்குகிறது. இன்னொரு முறை விழுந்தால் அவ்வளவுதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பிறகு பாயில் உட்காரவைத்து, "ஏன் அனுப்புனீங்க? உண்மையச் சொல்லுங்க" என்றேன். முதலில் சாக்குகள். கனமா இருக்குது, கைய அழுத்துது, இடத்த அடைக்குது. நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் சொன்னார்.

"வாக்கரு நல்லாத்தாம்மா இருக்குது. அந்தக் கொக்குதான்."

"கொக்கு என்ன பண்ணுச்சு?"

"கொக்கப் பாத்தாலே குப்பத்துல எல்லாருக்கும் தெரியுதே, தருமத்துக்குக் குடுக்கறதுன்னு. எதுத்த வூட்டுக் குஞ்சம்மாள் வந்தா. ஏண்டி, புள்ள கத்தார்ல இருக்கறான், பெத்தவளுக்கு ஒரு வாக்கரு வாங்கித் தரலயான்னு கேட்டா. அவ ஒருத்தி கேட்டா, பத்துப் பேரு கேட்ட மாதிரிதான். எனக்கு என்னம்மா வெக்கம்? தெருத்தெருவா கூவி மீன் வித்தவ நானு. எம்புள்ளயப் பேசுறாங்க. அவன் அங்க கம்பெனி மூடிப்போயி, சரியா சோறு தண்ணி இல்லாம கெடக்கான். அத நான் வாசல்ல நின்னு சொல்லிக்கினு இருக்க முடியுமா?"

மடித்துக் கிடந்த போர்வையை எடுத்து அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன்.

"நான் நடக்கலன்னா போவுது. எம்புள்ள பேரு கெடக் கூடாது" என்றார்.

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுரண்டியது, டேப், முருகர் - எல்லாம் இதுதான். அந்த முருகர் வீட்டிலும் வெளியூரில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். காபி குடிக்கும்போது அவரே சொன்னார். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து தெரிகிறதா என்று நடந்து நடந்து பார்த்தேனே... தெரியக் கூடாது என்பதுதானே அவர்களுக்கு வேண்டியது! யாருக்காக இதைச் செய்கிறோம்? ராஜாம்பாளுக்கா, கொக்குக்கா?

16 ஆகஸ்ட், சனி

லீவு நாள். மூவரும் ஷெட்டில். நான் விஷயத்தைச் சொல்லி, ஸ்டிக்கரை எடுத்துவிடலாம் என்றேன். பொலெத் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பணம் குடுக்கறவங்களுக்கு நான் என்ன காட்டறது? நம்ம கொக்கு இருக்கற போட்டோவத்தான் அவங்க கேக்கறாங்க. பேர் இல்லாத வாக்கர் யாரோடதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வராம போனா யாரைக் கேக்கறது?"

நியாயமான கேள்விதான். பதில் இல்லாதபோது நான் கத்துவேன். கத்தினேன்.

"அவங்களுக்குப் போட்டோ வேணும்னா வந்து அந்தம்மாவ பாயோட எடுத்துக்கட்டும்!"

"சித்ரா, நீ பேசறது சரியில்ல" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனந்தராஜ் பாவம், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார்.

அக்காவைப் பகைத்தால் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் ஷெட்டில் கார்தான் வாங்கி வைக்கவேண்டும். எனக்கு ஓட்டவும் தெரியாது.

20 ஆகஸ்ட், புதன்

யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த வாக்கர் ஒன்றை ஸ்டிக்கர் ஒட்டாமல் அதன் அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். உயரத்தை மட்டும் ராஜாம்பாளுக்குத் தகுந்தபடி இறக்கிவைத்தேன். டேப் ஒட்டி, மேலே அவர் பெயரும் விலாசமும். எங்கிருந்து என்று எழுதவில்லை.

ஆனந்தராஜிடம் சொன்னது இவ்வளவுதான்: "பட்டப்பகல்ல போங்க. தெருமுனையிலயே ஹாரன் அடிங்க. வூடு எதுன்னு நாலு பேர்கிட்ட விசாரிங்க."

"எனக்குத்தான் வூடு தெரியுமே மேடம்?"

"தெரியாது."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், அனுப்பியவர் பேரே இல்லை. பிறகு பெரிய சிரிப்பு.

சாயங்காலம் வந்து சொன்னார்: குஞ்சம்மாளிடமே வழி கேட்டாராம். அந்தம்மாதான் கூட வந்து வீட்டைக் காட்டினாராம். ராஜாம்பாள் பெட்டியைப் பார்த்தார், ஆனந்தராஜைப் பார்த்தாராம். பிறகு, பார்சலுக்குக் கையெழுத்துப் போடணுமா என்று சத்தமாகக் கேட்டாராம்.

21 ஆகஸ்ட், வியாழன்

பொலெத் அக்காவிடம் செய்ததைச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. போனில் ராஜாம்பாள் பேரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அந்த அம்மா நடக்கறாங்களா, அத மட்டும் நான் பாக்கணும். போட்டோவும் எடுக்கணும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

7 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து பொலெத் அக்கா நேரே இங்கே வந்தார். மீன் வாங்கவேண்டும் என்று சாக்கு. இருவரும் ஆட்டோவில் வைத்திக்குப்பம் போனோம்.

ராஜாம்பாள் வீட்டில் இல்லை! தெருமுனையில் பலகை போட்டு உட்கார்ந்து சங்கரா மீன் விற்றுக்கொண்டிருக்கிறார். சுற்றி நாலைந்து பொம்பளைகள். பக்கத்தில் வாக்கர், துடைத்துப் பளபளவென்று. என்னைப் பார்த்ததும் அதைப் பிடித்து எழுந்தார். தானாகவே, ஒருவர் கையும் படாமல். பலகையைச் சுற்றி எங்கள் பக்கம் நடந்து வந்தார். இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, போகப்போகச் சரியாகும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் நாற்றத்தின் மேல் பழியைப் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா பையிலிருந்து போனை எடுத்தார்.

அதற்குள் மீன் வாங்க வந்த ஒரு பெண், "வாக்கரு எங்க வாங்கன ஆயா? எங்க மாமியாருக்கும் வேணும்" என்றாள்.

ராஜாம்பாள் என் முகத்தைப் பார்த்தார். நேராக. கண்ணை எடுக்காமல்.

"எம்புள்ள அனுப்பிச்சான், கத்தார்லேர்ந்து. பெட்டி வந்து எறங்கறத தெருவே பாத்துது, குஞ்சம்மாளக் கேளு." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தம்மா ஆஸ்பத்திரியில இருந்தவங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். நல்ல வாக்கருதானம்மா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரொம்ப நல்ல வாக்கர்" என்றேன். "பாத்துப் பாத்து வாங்கியிருக்கான் தம்பி. உசரம்கூட சரியா இருக்கு." அந்தப் பெண்ணிடம், "உங்க மாமியாருக்குன்னா என்கிட்ட வாங்க, கருவடிக்குப்பத்துல இருக்கேன், சொல்றேன்" என்றேன்.

பொலெத் அக்கா பக்கத்தில் போனைத் தூக்கியபடியே நின்றார். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போச்சு.

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ராஜாம்பாளின் கையை, மீன் செதிலோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பிள்ளைய வளத்திருக்கீங்க அம்மா" என்றார்.