ஒரு பிடி மண்

அம்மாவுக்கு, உன் சின்ன மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நகரத்துக்கு நடுவே அழிந்துபோன காட்டை மறுபடி வளர்க்கிறோம். நேற்று பள்ளிப் பிள்ளைகள் கன்று நட வந்தார்கள். குழி வெட்டியது நான். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

"நீங்க போடலையாண்ணா?" என்றாள் ஒரு சிறுமி.

போட்டேன். போன மாதம் அப்பாவை அடக்கம் செய்தபோது ஒரு பிடி மண் போட எனக்கு லீவு கிடைக்காதது அப்போதுதான் உறைத்தது. அழுகை வரவில்லை. கை மட்டும் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது.

"விடுங்கண்ணா, கன்னுக்கு மூச்சு முட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்பாவை வைத்த இடத்தில் நிழல் இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டு எழுது. அவருக்கு வெயில் ஆகாது. கன்று ஏற்றிய லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன்.