நட்டு போல்ட்டுக் கதையும் வாயாடியின் குதிகாலும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. அதை இந்த வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை, எல்லார் கண்ணும் உன் மகள் வாயாடியின் கணுக்கால் மேல்தான். வேலை பார்க்கும் ஊரில் நீயும் நலமாக இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிட்டால்.

குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கிறாள், தசை இப்படியே இறுகினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை. எங்களுக்கு மட்டும் என்ன. பிசியோதெரபி அம்மா சொல்லித்தந்தபடி தினமும் சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை மெல்ல மேலே தள்ளி அப்படியே வைத்திருக்கிறேன். அவசரப்பட்டால் தசை முறைத்துக்கொள்ளும், உன் பெரியத்தை மாதிரி தாஜா பண்ணித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பொம்மை காட்டினோம், பாட்டுப் போட்டோம், உன் அம்மா ஆடிக்கூடக் காட்டினாள். வாயாடி சிரிக்கச் சிரிக்கக் கால் கட்டையாக விறைத்தது. ஒரு நாள் வேறு பேச்சு கிடைக்காமல், நான் வேலை பார்த்த ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு இருப்பைச் சரிபார்த்த கதையை ஆரம்பித்தேன், நீங்கள் யாரும் பாதிக்கு மேல் கேட்டிராத கதை. வாயாடி கொட்டாவி விட்டாள், கால் வெண்ணெயாக இளகியது. நேற்று டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, குதிகால் இறங்குது, இப்படியே போனா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், அந்தக் கதையை மட்டும் நிறுத்திடாதீங்க என்றார். சர்வீஸ் முழுக்கக் கிடைக்காத மரியாதை. உன் அம்மாவுக்கும் பலன் உண்டு, பக்கத்திலேயே குறட்டை விடுகிறாள்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. சரியாக அந்தப் பயிற்சி நேரத்தில்தான் உன் போன் வருகிறது. உன் குரல் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரிவதில்லை, நான் பாடுபட்டு இளக்கிய கால் நொடியில் இரும்பாகிவிடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வந்தாலும் தசை இறுகுமாம், பயப்பட ஒன்றுமில்லை என்று பிசியோதெரபி அம்மா சொன்னார். பெற்றவள் கூப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியமா என்று நீ கேட்பாய், கூப்பிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிடு, அவ்வளவுதான். அதற்குள் பயிற்சியை முடித்து உட்கார வைத்திருப்பேன். அப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, அவள் நன்றாக விறைக்கட்டும். அந்தச் சந்தோஷத்துக்கு இடம் இருக்கட்டும் என்றுதான் முன்கூட்டியே இளக்கி வைக்கிறேன்.

கை, கால், மனசு எதுவும் இறுகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கடைசியில் ஒருவழியாகக் கதை கேட்க ஆள் கிடைத்த
உன் அப்பா