மூடாத தொட்டி

ஆபிதா கண்ணு, உட்கார்ந்து படி, ஒரு கதை சொல்கிறேன்.

கவரைப்பேட்டையில் ஒரு மாமியார் இருந்தாள். மருமகள் பழவேற்காட்டுக் கடலிலிருந்து கல்லோடு கொண்டுவந்த கடல் பூவைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். பூ என்று பேர்தான், மீன் துண்டை விரல் நீட்டி வாங்கித் தின்னும் உயிர் அது. நேற்று அந்த மாமியார் தொட்டியை மூடாமல் கொசு மருந்து அடித்துவிட்டாள். காலையில் பூ உருண்டையாகச் சுருங்கிக் கிடந்தது.

"இந்த ஊட்டுல மருந்தடிக்கிறது நீங்கதானே," என்றாள் மருமகள் புருஷனைப் பார்த்து.

"நேத்து நான் அந்த மருந்துப் பம்பையே தொடல. ஒரு பூவுக்காவ என்னைக் கொலகாரனாக்கிட்டியே," என்று புருஷன் நாஷ்டா தின்னாமல் ஃபேக்டரிக்குப் போய்விட்டான்.

அடுப்படியில் நின்ற மாமியார் வாயே திறக்கவில்லை. அந்த மாமியார் நான்தானம்மா.

நல்ல கடல் தண்ணீர் எடுத்துவரப் பழவேற்காட்டுக்குப் போகிறேன். பூ இன்னும் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. செத்துவிட்டதென்று எடுத்துக் கொட்டிவிடாதே. தீனியும் போடாதே.

சொல்ல மறந்தேன், சோறு பானையில் இருக்கிறது. உன் புருஷன் அமானுல்லா வந்தால் முதலில் சாப்பிட வை, பிறகு இந்தச் சீட்டைக் கொடு. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் வீடாக இதை அல்லாஹ் வைக்கட்டும்.

மாமி