செனட்டருக்குப் போட்ட மாலை

என் அன்புக்குரிய பெரியக்கா,

முதலில் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள். உன் மகள் தரணி தேர்தலில் வென்றுவிட்டாள். ஒஸ்லோ நகரசபையில் இனி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதிரை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அவள் நிக்கட்டும் தம்பி, ஆனா தனிய விட்டிடாதை" என்றாயே. விடுவேனா? ஒஸ்லோவில் என்னைப்போல் தேர்தல் வேலை செய்தவன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் எங்கள் சனம் உனக்குத் தெரியும்தானே. எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் கதவு கதவாகத் தட்டினேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு அரசியல்?" என்று தேத்தண்ணிகூடத் தராமல் அனுப்பினார்கள். தரணி சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, விலகப்போகிறேன் என்றாள்.

அப்போதுதான் ஒரு பழைய புத்தகத்திலிருந்து அந்த அமெரிக்க செனட்டரைப் பிடித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள். இங்கே நோர்வேயில், பேர்கன் பக்கம் பிறந்து, தகப்பனில்லாமல், தாயோடு கப்பலேறிய பெடியன். பாஷை தெரியாத நாட்டில் பேப்பர் விற்று, சட்டம் படித்து, செனட் சபை வரைக்கும் போனவர். நடுக்கடலில் கப்பலோட்டி மயங்கிவிழ, பெடியனே சுக்கானைப் பிடித்ததை நான்தான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் கதை எடுபடுமா, அக்கா?

தரணிக்குத் தெம்பு வரட்டும் என்று அவருடைய தாடிப் படத்தைப் பெரிதாக்கி, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டு வைத்து மாலையும் போட்டேன். மேல்மாடிக் கமலா மாமி எட்டிப் பார்த்தா.

"ஐயோ, ஆர் தம்பி? எப்ப மோசம் போனவர்?"

நான் வாய் திறக்குமுன் மாமி படியிறங்கிவிட்டா. பின்னேரம் பார்த்தால் வாசல் நிறையச் சப்பாத்து! கட்டடமே இடியப்பமும் சொதியுமாகத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது.

"இவர் எங்கடை ஆளில்லையே?" என்றா மாமி.

"இஞ்சையிருந்து அங்கை பிழைக்கப் போனவர், மாமி. நாங்கள் அங்கையிருந்து இஞ்சை வந்தனாங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்," என்று முழு வரலாற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

"சுக்கான் பொய், மாமா!" குசினிக்குள்ளிருந்து தரணி.

"மிச்சம் மெய்யோ, பிள்ளை?"

"ஓம் மாமி, மிச்சம் மெய்."

"அப்ப எங்கடை வோட்டு உனக்குத்தான். முதல்லை வந்து சாப்பிடு."

சாப்பிட்டாள், அக்கா. அந்த இடியப்பத்தைக் கண்டபோதே என் நெஞ்சுக்கல் பாதி இறங்கிவிட்டது. மீதி, முடிவு வந்த அன்று.

செனட்டரை நான் இன்னும் கழற்றவில்லை. உனக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும். மேலே அவரைச் சந்தித்தால் சுக்கான் விஷயத்தைக் கேட்டுவிடாதே.

தரணி சபையில் முதன்முதலாகப் பேசும் நாளில் பார்வையாளர் வாங்கில் நான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு மட்டும் வாய் திறக்கமாட்டேன். அவள் பேசட்டும்.

என்றும் உன் வாய்க்காரத் தம்பி,
தரணியின் ஒரேயொரு தாய்மாமன்