அக்கா பெயரில் ஒரு சம்மதம்

பள்ளிப்படை, சிதம்பரம்
6 ஜூலை 2025

அன்புள்ள அனிதாக்காவுக்கு, ரெபேக்கா எழுதுவது.

மடத்தில் மாதம் ஒரு கடிதம்தான் கொடுப்பார்கள் என்று சொன்னாய். அதனால் ஒரு மாதமாக உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதில் சேர்த்து வைத்தேன். எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிட்டது.

அப்பாவின் இருமல் அப்படியேதான். இத்தனை வருடம் பஸ்ஸுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தது நெஞ்சை விட்டுப் போகுமா? கோயிலுக்கு நடக்கும்போது மூன்று இடத்தில் நிற்கிறார். ஏன் என்று கேட்டால் வெயில் என்கிறார். எனக்கு ரத்தினம்மா கடையில் நைட்டிக்கு ஓரம் அடிக்கும் வேலை பழகிவிட்டது. அவுங்க மட்டும் தினமும், "வாய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியாடி? கஸ்டமருக்கு வெலையாவது சொல்லேன்" என்று கிண்டல் செய்கிறார்கள்.

போகும்போது உன் போனையும் கிரெடிட் கார்டையும் என்னிடம் கொடுத்து, கடைசி பில் கட்டியதும் பேங்குக்குப் பேசி கார்டை க்ளோஸ் பண்ணச் சொன்னாய் இல்லையா? பில் கட்டிவிட்டேன். மூன்று தடவை போனும் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் சொல்லும்வரை தைரியமாக இருக்கிறேன். அப்புறம் ஓர் ஆள் வந்து "அனிதாவா பேசுறீங்க?" என்று கேட்கிறார். உடனே வைத்துவிடுகிறேன். நான் எப்படி நீயாகப் பேசுவேன்? அடுத்த வாரம் எப்படியாவது பேசிவிடுகிறேன்.

நீ இல்லாத வீட்டில் இரண்டு தட்டுதான் கழுவுகிறேன். அது ஒன்றுதான் குறை.

உன் தங்கை,
ரெபேக்கா


கடலூர்
27 ஜூலை 2025

என் பிரியமான ரெபேக்காவுக்கு,

கர்த்தர் உன்னையும் அப்பாவையும் காக்கட்டும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே விடியற்காலை மணியடித்ததும் எழுந்துகொள்கிறோம். எனக்குத் தோட்டத்து வேலை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த உடம்பு, பகலில் வேலை செய்து இரவில் தூங்குவதே புதிதாக இருக்கிறது. எட்டு வயதிலிருந்து நான் வேண்டிக்கொண்டது இந்த வீடுதான் என்று ஒவ்வொரு நாளும் தெரிகிறது.

டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாளன்று எங்களுக்குக் கன்னியர் உடுப்பு கொடுப்பார்கள். உள்ளேயே நடக்கும் சின்னச் சடங்கு, வீட்டார் யாரும் வருவதில்லை. அதற்கு முன் மடத்துத் தலைவி மதர் ஒரு தாள் கேட்டிருக்கிறார்கள். கடன் இருக்கிறவர்களைச் சபையில் சேர்ப்பதில்லை, அது விதி. என் பெயரில் பாக்கி இல்லை என்று பேங்கில் எழுதி வாங்க வேண்டும். கார்டை க்ளோஸ் செய்தால் அவர்களே அனுப்புவார்கள். நவம்பருக்குள் வந்தால் போதும். பயப்படாமல் பேசு, பாப்பா. போனில் யாரும் உன் முகத்தைப் பார்க்க முடியாதே.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போ. வெயில் என்று சொன்னால் நம்பாதே.

அன்புடன்,
அனிதா


பள்ளிப்படை, சிதம்பரம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

அப்பாவை டாக்டரிடம் காட்டினேன். சளி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை. நீ உடுப்பு வாங்கப்போகிறாய் என்று பூசைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். "ஒரு பொண்ண ஆண்டவருக்குக் குடுத்துட்டேன், இன்னொண்ணு வாயில்லாப் பூச்சி, அத நானே வச்சிக்கிறேன்" என்று சிரிக்கிறார்.

கார்டு வேலை முடிந்துவிட்டது. தாள் தபாலில் வரும். நீ ஜெபத்தில் கவனமாக இரு.

ரெபேக்கா


பள்ளிப்படை, சிதம்பரம்
19 அக்டோபர் 2025

அக்கா,

தாள் எங்கே என்று கேட்டுப் போன மாதம் நீ எழுதியது கிடைத்தது. மூன்று வாரமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

தாள் வராது. நான் பேங்குக்குப் பேசவே இல்லை. ஆகஸ்டில் எழுதியது பொய். அப்பாவுக்கு வந்தது சளியும் இல்லை. அந்தக் கடிதம் எழுதும்போது அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரல் கெட்டியாகிவிட்டது, இனிமேல் வீட்டிலும் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும் என்றார்கள். உனக்குத் தெரிந்தால் வந்துவிடுவாய், சொல்லக்கூடாது என்று அப்பா என்னைச் சத்தியம் பண்ண வைத்தார்.

ஆக்சிஜன் மெஷினை மாத வாடகைக்கு எடுத்தோம். வாடகை என் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். மாதாகோயில் சாமியார் இரண்டாயிரம் கொடுத்தார். மாதம் முடிந்ததும் வாடகைக்காரர் மெஷினைத் தூக்கிப் போய்விட்டார். அன்று சாயந்திரம் அப்பா சட்டைப் பொத்தான் போடுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார்.

மறுநாள் உன் போனையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். அங்கே இந்த மெஷின் விற்கும் கடைக்காரர் பெயர் அன்பரசு. நல்லவர்தான். மெஷின் அறுபத்து நாலாயிரம் என்றார். என்னிடம் ஆறாயிரம் இருந்தது. மீதிக்குக் கார்டைக் கொடுத்தேன். தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லிமிட்டு நாப்பதுதாம்மா இருக்கு. அம்பத்தெட்டு ஏறாது. வேற கார்டு இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"யாராவது ஜிபே பண்ணுவாங்களா? பதினெட்டுதான் இடிக்குது."

அதற்கும் தலையாட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "பேங்கு ஆப்பு இருக்குல்ல, தொறந்து பாரு. ஒழுங்கா கட்டுனவங்களுக்கு லிமிட்ட ஏத்திக்கச் சொல்லி அவுங்களே வச்சிருப்பாங்க."

இருந்தது அக்கா. நாற்பதை எழுபத்தைந்தாக உயர்த்தலாம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தது. மேலே உன் பெயர் இருந்தது. கார்டை க்ளோஸ் பண்ண நீயாக நடித்து ஒரு வார்த்தை பேச எனக்கு முடியவில்லை. அங்கே யாரும் குரல் கேட்கவில்லை, விரல் வைத்தால் போதும். சம்மதம் என்பதில் வைத்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். "அப்டி போடு, இதுக்குப் போயி மொகத்த தொங்கப் போட்டியே" என்று அன்பரசு மெஷினை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினார். தவணை மாதம் இரண்டாயிரத்து எண்ணூறு, இரண்டு வருடம்.

உங்கள் மடம் அங்கிருந்து மூன்று தெருதான். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எதிரே நின்றேன். சுவருக்கு உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது நீயாக இருக்கலாம். கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்னா பாப்பா, மிக்சியா கிரைண்டரா? லக்கேஜ் போடணும்" என்றார். அப்பாவுக்கு மூச்சு என்றேன். அவர் லக்கேஜ் போடவில்லை.

ஏன் உன்னிடம் கேட்கவில்லை என்று நினைப்பாய். கேட்டிருந்தால் நீ உடனே கிளம்பி வந்திருப்பாய். நீ வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அதற்குத்தான் பயந்தேன். இப்போது அதைவிடப் பெரிய தப்பாகப் பண்ணிவிட்டேன். மதரிடம் நான் வந்து சொல்லட்டுமா? நான் பேசுவேன், நிச்சயமாகப் பேசுவேன்.

ரெபேக்கா


கடலூர்
2 நவம்பர் 2025

ரெபேக்காவுக்கு,

நீ வர வேண்டாம். மதரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர்கள் திட்டவில்லை. கடனை அடைத்துவிட்டு வா, கதவு இருக்கும் என்றார்கள். ஆனால் முப்பது வயதுக்குள் வர வேண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இப்போது இருபத்தெட்டு.

அடுத்த ஞாயிறு கிளம்புகிறேன். பழைய ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்கிறார்கள். நர்ஸ் ஹாஸ்டலில் தங்குவேன். கார்டுக்கு இனி நான் கட்டுகிறேன், நீ கட்டாதே. அப்பாவின் மருந்துக்கு உன் சம்பளம் வேண்டும். மெஷின் ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழுவிக் காயவைத்து மாட்டு.

அப்பாவுக்கு மூச்சு வாங்கிக் கொடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் அந்தச் சம்மதத்தை நானே கொடுத்திருப்பேன். கொடுத்தது நான் என்ற நினைப்பாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

இது அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதனால் நான் வீட்டுக்கு வர மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. உனக்கு வரும்.

அனிதா


பள்ளிப்படை, சிதம்பரம்
9 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஹாஸ்டல் முகவரிக்கு இது மூன்றாவது கடிதம். ஐந்தாம் தேதி உன் பழைய போனுக்கு, பணம் கிடைத்தது, நன்றி என்று பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. நீ வேலைக்குப் போகிறாய், நன்றாக இருக்கிறாய் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று எட்டாம் தேதி. அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாதா சுரூபத்துக்கு எதிரே நாற்காலி போடச் சொன்னார். பத்து மணிக்குத்தான் பூசை இருக்கும் என்று அவரே முடிவு செய்திருந்தார். பத்தானதும் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அத செத்த நேரம் நிறுத்து."

"எதப்பா?"

"மெஷினத்தான். அங்க எம் பொண்ணுக்கு முக்காடு போடுற நேரம், இங்க இது லாரியாட்டம் உறுமிக்கிட்டு கெடக்கு. ஒரு அம்பத்துமூணு மணி ஜெபமாலைய அமைதியா சொல்லிக்கிறேன்."

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரு."

"டாக்டர் பொண்ணா உடுப்பு வாங்குது? நிறுத்து."

நிறுத்தினேன். மூக்கிலிருந்து குழாயையும் அவரே கழற்றினார். ஜெபமாலையில் இரண்டாவது பத்து மணிகள் உருளும் வரைக்கும் சத்தம் வந்தது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. நடுவில் உன் பெயரை மட்டும் முழுசாகச் சொன்னார். அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீலமாக மாறியதும் கேட்காமல் சுவிட்சைப் போட்டுக் குழாயை மாட்டினேன். அவர் தடுக்கவில்லை, தடுக்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"இந்நேரம் முடிஞ்சிருக்கும்ல பாப்பா?"

"முடிஞ்சிருச்சுப்பா" என்றேன்.

ரெபேக்கா