ஒரு நாளும் போடாத நீலச் சட்டை

சான்டோ டொமிங்கோ,
11 ஜனவரி 1987

என் அருமைச் சிவப்புக் கழுதைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இரு, உன் அணி மட்டும் நாசமாகப் போகட்டும். நாளை மறுநாள் பேஸ்பால் இறுதித் தொடர் ஆரம்பம். வழக்கம்போல நீலமும் சிவப்பும்தான். முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. மைதானத்தின் ஒரே வாசலில் நுழைந்து நீ இடப்பக்கம் சிவப்போடு, நான் வலப்பக்கம் நீலத்தோடு உட்கார வேண்டாமா?

தோற்றதும் உங்கள் அணிக்கு எடுக்கப்போகும் இழவு ஊர்வலத்துக்கு எங்கள் ஆட்கள் இப்போதே சவப்பெட்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்தாயிற்று. போன தடவை பெட்டி நம் வாசலைத் தாண்டும்வரை நீ கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தாயே, அந்த இடத்தைப் பெருக்காமல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

உன் நீலக்காரி,
எர்மினியா


லா ரொமானா,
13 ஜனவரி

என் நீலப் பிசாசுக்கு,

கரும்பு வெட்டு உச்சத்தில் இருக்கிறது. எடைமேடையை விட்டு நகர முடியவில்லை. லீவு கேட்டால் மேலாளர், “ஏம்ப்பா, கரும்பு உன் ஆட்டம் முடியிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?” என்கிறார். இந்தத் தடவை வருவது சந்தேகம்தான். பஸ் டிரைவர் ஃபாபியோவிடம் பதில் கொடுத்துவிடு.

உன் சிவப்பன்,
எவாரிஸ்டோ


சான்டோ டொமிங்கோ,
17 ஜனவரி

கழுதைக்கு,

இரண்டுக்கு இரண்டு. நீ இல்லாமல் மைதானத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. தெருமுனைக் கடை டிவியில்தான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கேசில்தா சும்மா இருப்பாளா? “என்னடி, உன் புருஷன் கரும்பையே கட்டிக்கிட்டானா?” என்றாள். “ஆமாக்கா, அவ ஒல்லி, இனிப்பு, எதுத்துப் பேச மாட்டா. நான் எங்க போட்டி போடுறது?” என்றேன்.

விளையாட்டை விடு. ஏழாவது ஆட்டம்வரை போனால் வா. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை என்னோடு வலப்பக்கம் உட்கார். நீலம் போடச் சொல்லவில்லை. நம் கல்யாணத்துக்கே “நீலம் வானத்துல இருக்கட்டும், என் கழுத்துல வேணாம்” என்று டையைக் கழற்றி எறிந்தவன் நீ. வெள்ளைச் சட்டை போதும். ஊர் வாயை அடைக்க எனக்கு அது வேண்டும்.

எர்மினியா


லா ரொமானா,
19 ஜனவரி

பிசாசே,

நேற்றைய ஐந்தாவது ஆட்டத்தை எடைமேடையில் ரேடியோவில் கேட்டேன். நாங்கள் தோற்றதும் ரேடியோவை உதைத்து, இப்போது நொண்டுகிறேன். வலப்பக்கமா? என் பிணம்கூட அங்கே உட்காராது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எவாரிஸ்டோ


சான்டோ டொமிங்கோ,
21 ஜனவரி

மதிப்பிற்குரிய எவாரிஸ்டோ அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவர்களுக்கு நான் மரியாதையாகத்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் ஆள் மட்டையில் உரசிய பந்து வலப்பக்கக் கூட்டத்துக்குள் பறந்தது. காமிராவும் பின்னாலேயே போனது. ஒருவர் எழுந்து பந்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நீலச் சட்டை. பக்கத்தில் இருந்த பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பந்தை அவள் மடியில் வைத்தார்.

கடை டிவியில் எல்லோரும் பார்த்தோம். கேசில்தாதான், “நம்ம எவாரிஸ்டோ மாதிரி இல்ல?” என்றாள்.

“போக்கா, எம் புருஷன் செத்தாலும் நீலம் போட மாட்டான்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குத்தான் நகைச்சுவை நன்றாக வருமே.

பெண் விஷயத்தை விடுங்கள், அது இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டை? நான் வெள்ளைதானே கேட்டேன்.

நேற்று ஆறாவது ஆட்டத்தோடு நீலம் கோப்பையை வாங்கிவிட்டது. வாழ்த்துகள், இப்போது உங்கள் அணியும் அதுதானே.

ஊர்வலம் வந்தது. பெட்டி எப்போதும் காலியாகத்தான் போகும். நம் வாசலில் இறக்கச் சொல்லி உங்கள் சிவப்புச் சட்டைகள், தொப்பி, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். தூக்கியவர்களில் ஒருவன், “என்னக்கா, இந்த வருஷம் பொணம் கனக்குது?” என்றான். ஆற்றில் இறக்கிவிட்டார்கள்.

கட்டிலுக்கு அடியில் பெருக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
எர்மினியா