மை படாத பெயர்

மாஸ்டர்,

இன்று காலை உங்கள் மகன் சைக்கிளில் வந்து ஒரு கடித உறையைத் தந்துவிட்டுப் போனான். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. அவனுடைய மழித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. "அப்பாவின்ரை மேசை லாச்சிக்குள்ளை இருந்தது. உங்கடை பேர் எழுதிக் கிடந்தது, அதுதான் கொண்டந்தனான்" என்றான். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நிற்கவில்லை.

உறைக்குள் உங்கள் விசில். அதைச் சுற்றி, கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். விசிலை மூக்கருகே கொண்டுபோனேன். பித்தளையும் நோவெண்ணெயும் கலந்த அதே மணம். பதினான்கு வருடம் லாச்சிக்குள் கிடந்தும் அது போகவில்லை. பிறகு தாளை விரித்துப் பார்த்தேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் படலைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். "என்ன கோதாரிக்கு இப்பிடி உலாத்துறியள்? எனக்குத் தலை சுத்துது" என்று என் மனைவி பரமேஸ்வரி ஏசிவிட்டாள். எழுத உட்கார்ந்தாலாவது கால் ஓரிடத்தில் நிற்கும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

உங்களுக்குக் கீழ் ஆறு வருடம் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். அந்த ஆறு வருடமும் இந்த விசிலை ஒருநாள் கூடத் தொட்டதில்லை. எங்கள் மயிலிட்டி உதைபந்தாட்ட அணிக்கு விசில் ஒன்றுதான், அது உங்கள் கழுத்தில்தான். நானும் மற்ற உதவிப் பயிற்றுநர் நடராசா அண்ணையும் கை தட்டித்தான் பழக்கினோம். அவர் கோல் காப்பவரைப் பார்த்துக்கொண்டார், நான் முன்வரிசையை. தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துபோகும். "ஏன் மாஸ்டர், எங்களுக்கும் ஆளுக்கொரு விசில் வாங்கினால் குடியா முழுகிப்போகும்?" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "விசில் மூண்டெண்டால் பெடியள் எதைக் கேக்கிறது? கையைத் தட்டும்" என்றீர்கள். வயதில் எனக்கு ஏழெட்டு வருடம்தான் மூத்தவர். ஆனாலும் உங்கள் 'நீர்', 'உமக்கு' இரண்டும் எப்போதும் ஓரடி தள்ளியே என்னை நிறுத்தி வைத்தன.

அதற்காக எங்களைப் பேசவிடாதவர் நீங்கள் அல்ல. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வாய் அழுகும். பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வருவீர்கள். பயிற்சி முடிந்ததும் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கொப்பித் தாளில் பதினொரு பெயரைப் பென்சிலால் எழுதி எங்கள் முன் போடுவீர்கள். "இப்ப சண்டை பிடியுங்கோ." பிடித்தோம். மேசையில் குத்தினோம். நடராசா அண்ணை ஒருதரம் கோபத்தில் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டே எழும்பிப் போனார். நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அழிப்பீர்கள், மாற்றி எழுதுவீர்கள், சில நேரம் மாற்றாமலே மடித்துப் பையில் வைப்பீர்கள். ஆட்டத்தன்று மைதானத்தில் எல்லாரும் சப்பாத்துக் கட்டிய பிறகு பேனையை எடுத்து அந்தப் பென்சில் எழுத்துகளின் மேல் மையால் எழுதுவீர்கள். "மை பட்டால் பேந்து கதை இல்லை." பெயரோ திட்டமோ, அதன்பிறகு மாற்றமில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மை பட்ட பிறகு எதிர்த்துக் கதைத்தவன், அணித்தலைவனாகவே இருந்தாலும், அடுத்த ஆட்டத்தில் வெளியே இருப்பான். அதுவும் மனப்பாடம்.

அந்த வருட அரையிறுதி சோளகக் காற்று வீசும் காலத்தில் வந்தது. நாணயத்தில் வென்றால் முதல் பாதி காற்றுக்கு எதிராக ஆடவேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். களைக்காத காலோடு முதலில் தாக்குப்பிடிப்பது, பிறகு காற்றை முதுகில் வைத்து அடிப்பது. புத்தகத்தில் படித்த கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் கடலில் கிடந்தவர்கள்.

"மாஸ்டர், உந்தச் சோளகம் அஞ்சு மணிக்குப் படுத்திடும். இரண்டாம் பாதிக்குக் காத்து இராது. இருக்கேக்கையே எடுக்கவேணும்."

"நீர் சொல்லுறது கடலுக்குச் சரி. இது தரை."

"காத்துக்குத் தரையெண்டும் கடலெண்டும் தெரியுமோ? பண்டத்தரிப்பிலை வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுற ஆக்களுக்குக் காத்தைப் பற்றி என்ன தெரியும்?"

நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நீங்கள் தாளை மடித்தீர்கள். "காத்துக்கு எதிர்தான்" என்றீர்கள். அவ்வளவுதான்.

மூன்று நாள் நான் பொருமிக்கொண்டு திரிந்தேன். ஆட்டத்தன்று நீங்கள் மையால் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் தவத்தின் கெண்டைக்காலுக்கு நோவெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தவம் அணித்தலைவன், பரமேஸ்வரியின் தம்பி, எனக்கு மைத்துனன். குனிந்தபடியே சொன்னேன்: "தவம், நாணயத்திலை வெண்டால் காத்தோடை நில். மாஸ்டர் கடைசியிலை மாத்திப்போட்டார்." என் யோசனை என்று சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்கமாட்டான். அதனால் உங்கள் பெயரைச் சொன்னேன். உங்கள் வாயை நான் களவெடுத்தேன், மாஸ்டர்.

"ஓம் அத்தான்" என்று எழும்பிப் போனான்.

நாணயத்தில் அவன் வென்று காற்றோடு நின்றதும் நீங்கள் மைதான ஓரத்து வாங்கிலிலிருந்து எழும்பினீர்கள். பிறகு திரும்பவும் உட்கார்ந்தீர்கள். முதல் பாதியில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம். இரண்டாவதைத் தவமே தூரத்திலிருந்து அடித்தான், காற்றே தூக்கிக்கொண்டு போயிற்று. ஐந்து மணிக்குச் சோளகம் படுத்தது. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. அவர்களால் ஒன்றுதான் திருப்பிப் போட முடிந்தது. எனக்கோ நிலத்தில் கால் பாவவில்லை. ஊர்ச்சனம் உங்களுக்கு மாலை போட்டது. காற்றைக் கணித்த மாஸ்டர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். பெயர் உங்களுக்குப் போகிறதே என்பது.

நீங்கள் மாலையைக் கழற்றிச் சைக்கிள் காண்டிலில் போட்டுவிட்டு எங்களைச் சுற்றி இருத்தினீர்கள்.

"காத்து விசயத்திலை நான் பிழை. அதைச் சொல்லுறதுக்கு எனக்கு வெக்கமில்லை. அது வேறை. மை பட்ட பிறகு மாத்தினது வேறை. ஆர் சொன்னது?"

தவம் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரேயொரு பார்வை. தான் ஏமாற்றப்பட்டதை அந்த இடத்தில்தான் அவன் விளங்கிக்கொண்டான். நான் நோவெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மாஸ்டர்" என்றான்.

"எண்டால் உமக்கு விதி தெரியும்."

"தெரியும்."

அடுத்த ஆட்டம் இறுதியாட்டம். கொழும்பிலிருந்து ஓர் அணிக்கு ஆள் பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தெரியும். எடுபட்டால் விளையாட்டோடு நிரந்தர வேலையும் கிடைக்கும். தவத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றே கதை. பரமேஸ்வரி அவனுக்குப் பெட்டி கூட அடுக்கத் தொடங்கியிருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஏன்? அடுத்த வருடம் உங்களுக்குப் பள்ளிக்கூட இடமாற்றம் வரும், தலைமைப் பயிற்றுநர் பதவி எனக்கோ நடராசா அண்ணைக்கோ என்று நீங்கள் சங்கத்துக்குச் சொல்லவேண்டியிருந்தது. அதனால்தான். சீ, எழுதவே கை கூசுகிறது.

அந்த முறை தாளைக் கடையில் எங்களுக்குக் காட்டவில்லை. இறுதியாட்டத்தன்று நீங்கள் பெயர்களின் மேல் மையால் எழுதிக்கொண்டு வந்தீர்கள். பத்துப் பெயர் முடிந்ததும் நிறுத்தினீர்கள். பேனையின் மூடியைப் போடவில்லை. "ஆருக்கும் சொல்ல ஏதும் இருக்கோ?" என்று கேட்டீர்கள். மை தொட்ட பிறகு நீங்கள் அப்படிக் கேட்டதே கிடையாது. நடராசா அண்ணையைப் பார்த்தீர்கள், அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அணியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவே விரும்பினேன்.

"இல்லை மாஸ்டர்" என்றேன்.

நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பதினோராவது பெயரை எழுதினீர்கள்.

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கொழும்பு ஆட்கள் எதிரணியில் ஒருவனை எடுத்துக்கொண்டு போனார்கள். தவம் சீருடையோடு வாங்கிலில் இருந்து, தண்ணீர் வாளியைக் காலால் அணைத்தபடி கடைசிவரை பார்த்தான். அடுத்த கிழமை கடலுக்குப் போகத் தொடங்கினான்.

எனக்குப் பதவி கிடைத்தது. போகும்போது நீங்கள் கை தந்து, "நீர் நல்லாச் செய்வீர்" என்றீர்கள். விசிலைத் தரவில்லை. நான் யாழ்ப்பாணம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். என் உதவியாளர் இருவருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது எங்கள் மைதானத்தில் மூன்று விசில். எது ஊதினாலும் பெடியள் நின்று மூன்று பக்கமும் பார்க்கிறார்கள். போன கிழமை உதவியாளர் ஒருவர் என்னைக் கேட்காமலே ஓர் ஆட்டக்காரனை மாற்றிவிட்டார். "ஆர் சொன்னது?" என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. பதினான்கு வருடமாக அந்தக் கேள்வி என் வாயில் வருவதில்லை.

பரமேஸ்வரி உங்களைத் திட்டாத பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. தவம் கடலில் காய்ந்து கறுத்து வரும்போதெல்லாம், "உங்கடை மாஸ்டர்தானே என்ரை தம்பியின்ரை வாழ்க்கையிலை மண் போட்டவர்" என்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் செத்தவீட்டுக்கும் அவள் வரவில்லை. நான் வந்தேன், உங்கள் கால்மாட்டில் நின்றேன். தவமும் வந்தான். வந்து உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

இப்போது இந்தத் தாள். இறுதியாட்டத் தாள். பத்துப் பெயர் மையில். பதினோராவது வரியில் மையால் எழுதிய மாற்று ஆளின் பெயர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. வரியின் நடுவில், அதற்கு முன்பே பென்சிலில் எழுதிய 'தவம்'. அழிக்கவில்லை. அதன்மேல் மையும் படவில்லை. விதிப்படி அந்தப் பெயரை நீங்கள் எழுதியே இருக்கக்கூடாது. எழுதி வைத்துக்கொண்டு, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு எழும்பிக் கரைக்குப் போனேன். தவம் எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். தாளைக் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான்.

"மாஸ்டர் அரையிறுதி அண்டைக்கே வீட்டை வந்து கேட்டவர் அத்தான், 'உமக்கு ஆர் சொன்னது' எண்டு. நான் சொல்லேல்லை. 'சரி, சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்' எண்டிட்டுப் போட்டார்."

"நீ சொல்லியிருக்கலாமே, தவம்."

"நான் சொன்னால் அக்கா உங்களோடை இருப்பாவோ?" எஞ்சினைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, "அக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்றான்.

"இல்லை. முதல் உன்னட்டைத்தான்..."

"என்னட்டை என்னத்துக்கு முதல் வந்தனியள்? மாஸ்டரைத் திட்டினது நானோ?"

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று பரமேஸ்வரியிடம் எல்லாம் சொன்னேன். நோவெண்ணெயிலிருந்து பேனைவரை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தாளை வாங்கித் தம்பியின் பெயரை விரலால் தடவினாள்.

"அந்த மனிசன்ரை செத்தவீட்டுக்கு நான் போகேல்லை" என்றாள். அதற்குமேல் என்னோடு கதைக்கவில்லை. பொழுதுபடப் போகிறது, இன்னும் கதைக்கவில்லை. சற்றுமுன் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "விடிய மாஸ்டரின்ரை வீட்டை போறன். நீங்களும் வாறியள். மனிசியிட்டையும் பிள்ளையிட்டையும் நீங்கள்தான் சொல்லவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வருகிறோம். விசில் மேசையில் இருக்கிறது. நான் அதை ஊதிப் பார்க்கவில்லை. அதை எனக்குத் தந்தீர்களா, அல்லது தாள் பறக்காமல் இருக்கப் பாரத்துக்கு வைத்தீர்களா, தெரியவில்லை. ஆனால் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்கு அன்று நான் சொன்ன பதிலை அழித்துவிடுங்கள்.

ஓம் மாஸ்டர். எனக்குச் சொல்ல இருக்கு.